மெட்லைஃப் ஏஜென்ட்டுகளும் செலிக்மனின் நாய்களும்

"பாசிட்டிவ்வா இருங்க" என்று ஊழியர்களுக்கு வகுப்பெடுக்கிறார்களே, அதற்கு ஆய்வு ஆதாரம் என்ன என்று தேடினால் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும்: பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன். அவர் ஆரம்பித்த இடம் ஆபீஸ் இல்லை, நாய்கள் இருந்த ஆய்வுக்கூடம்.

1967-இல் அவரும் ஸ்டீவன் மையரும் வெளியிட்ட சோதனை இது. ஒரு குழு நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அது நின்றுவிடும். இன்னொரு குழுவுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் வேறொரு பெட்டியில் விட்டார்கள். நடுவில் இருந்த சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம். முதல் குழு தாண்டியது. இரண்டாம் குழுவில் பெரும்பாலானவை எழவே இல்லை. 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள்.

மனிதர்களிடம் வரும்போது செலிக்மன் கேட்டது வேறு கேள்வி: தோல்வியை நமக்கு நாமே எப்படி விளக்கிக்கொள்கிறோம்? "எனக்கு எதுவுமே வராது" என்பது ஒரு வகை. "இன்னைக்கு அந்த ஆளுக்கு மூடு சரியில்ல" என்பது இன்னொரு வகை. இதை அளக்க ஒரு கேள்வித்தாள் உருவானது.

1980-களில் அது அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் லைஃப் கம்பெனிக்குப் போனது. அவர்கள் வருஷத்துக்கு சுமார் 5,000 ஏஜென்ட்டுகளை எடுப்பார்கள். பாதிப் பேர் முதல் வருஷத்திலேயே ஓடிவிடுவார்கள். பயிற்சிச் செலவெல்லாம் வீண். 1985-இல் விண்ணப்பித்த 15,000 பேரிடம் இந்தக் கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். கம்பெனியின் வழக்கமான தேர்வில் மயிரிழையில் கோட்டைவிட்ட, ஆனால் நம்பிக்கையில் நல்ல மதிப்பெண் எடுத்த 129 பேரைத் தனியாக வேலைக்குச் சேர்த்தார்கள். வழக்கமான தேர்வில் பாஸான அவநம்பிக்கைக்காரர்களை விட இவர்கள் முதல் வருஷம் 21%, இரண்டாம் வருஷம் 57% அதிகம் விற்றார்கள்.

பயிற்சி விற்பவர்களுக்குப் பிடித்த எண்கள் இவை. ஆனா ஒன்று கவனியுங்கள்: அந்த 129 பேரை யாரும் நம்பிக்கைக்காரர்களாக மாற்றவில்லை. ஏற்கனவே அப்படி இருந்தவர்களைப் பொறுக்கி எடுத்தார்கள், அவ்வளவுதான். இரண்டாவது, அந்த வேலையே தனி ரகம். பத்து பேர் 'வேண்டாம்' என்றாலும் பதினோராவது ஆள் பாலிசி எடுக்கக்கூடும். விடாமல் போனால் பலன் உண்டு. நாய்க்கதையில் சொன்னால், தடுப்பு தாண்டக்கூடிய உயரத்தில் இருந்தது.

இந்த நிபந்தனையைக் கழற்றிவிட்டு மருந்தை மட்டும் எல்லாருக்கும் கொடுத்ததுதான் அடுத்த கதை. விற்பனையாளர்களுக்குப் பயிற்சி வந்தது. 2009-இல் அமெரிக்க ராணுவமே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்காக செலிக்மன் குழுவின் துணையோடு ஒரு மனஉறுதித் திட்டம் தொடங்கியது. அதே வருஷம் பார்பரா எரன்ரைக், வேலை போனவர்களிடமும் 'உன் மனநிலைதான் பிரச்சினை' என்று சொல்லும் கலாச்சாரத்தைத் தாக்கிப் புத்தகம் எழுதினார். எனக்கு அது புரியும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஆட்குறைப்பு முடிந்த அடுத்த வாரம் அரை நாள் 'பாசிட்டிவ் மைண்ட்செட்' வகுப்பு வைத்தார்கள். யார் போவது, யார் இருப்பது என்பதில் எங்களுக்கு எந்தப் பலகையும் இல்லை.

நாய்க்கதைக்கு ஒரு பின்கதை உண்டு. 2016-இல் செலிக்மனும் மையரும் சேர்ந்து தங்கள் கோட்பாட்டையே திருப்பிப் போட்டார்கள். மையர் எலிகளின் மூளையில் செய்த ஆய்வுகள் காட்டியது இது: தொடர் அடிக்கு மூளையின் இயல்பான பதிலே சுருண்டு கிடப்பதுதான், அதை யாரும் கற்பதில்லை. கற்பது மற்றதை: 'நான் செய்தால் மாறும்' என்பதை.

சுருண்டு கிடந்த நாய்களை முதலில் எப்படிச் சரிசெய்தார்கள் தெரியுமா? கயிறு கட்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனார்கள், பலமுறை. அங்கே போனால் அதிர்ச்சி நிற்கிறது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு அவை தாமாகவே தாண்டின. ஆகவே அடுத்த முறை இப்படி வகுப்பு வைத்தால், பயிற்சியாளரிடம் இல்லை, மேனேஜரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: நாளையிலிருந்து எந்த முடிவை எங்க கையில கொடுக்கப் போறீங்க?