கேட்டாத்தானே கிடைக்கும்!

நான் ராயகிரியிலிருந்து வர்றேன். சங்கரன்கோவில் சீமை, மேற்கு மலை அடிவாரம்.

தன்பாலின ஈர்ப்பு உள்ளவங்களுக்கு உரிமை கிடைச்சது அரசியல் கட்சிகளாலா, நீதிமன்றத்தாலா? இதுதான் தலைப்பு. நீதிமன்றத்தால்தான் என்று பேச வந்திருக்கேன்.

தலைப்பைக் கேட்டதும் சில பேர் முகம் சுளிக்கிறது தெரியுது. ஆணுக்கு ஆண் மேல, பெண்ணுக்குப் பெண் மேல அன்பு வர்றது, சிலருக்கு ரெண்டு பேர் மேலயும் வர்றது. இவ்வளவுதாங்க விஷயம். இது நோயில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே சொல்லிடுச்சு.

இதைக் குற்றமாக்கினது யாரு? நம்ம பாட்டன் முப்பாட்டன் இல்லை. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதின இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 377. அவன் தன் ஊரான இங்கிலாந்தில் 1967-லேயே அந்தக் குற்றத்தை நீக்கிட்டான். நாம 2018 வரைக்கும் பத்திரமாக வச்சிருந்தோம். வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன சாமான்ல இதைத்தான் இவ்வளவு அக்கறையாப் பாதுகாத்திருக்கோம்! (சிரிப்பு)

2009 ஜூலை 2-ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்துத் தனிமையில் இருப்பது குற்றமில்லை என்றது. 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செஞ்சது. அப்போ கட்சிகள் என்ன செஞ்சாங்க? டெல்லியில் ஆட்சியில் இருந்த காங்கிரஸ் வருத்தப்பட்டது. மறுசீராய்வு மனு போட்டது, 2014 ஜனவரியில் அது தள்ளுபடியானது. ஆனா நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் கொண்டு வரலை. பா.ஜ.க. தலைவராக இருந்த ராஜ்நாத் சிங், 377-ஐ ஆதரிக்கிறோம் என்றார். அதே கட்சியின் அருண் ஜெட்லி 2015-ல், உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மறுபடி யோசிக்கணும் என்றார். மார்க்சிஸ்ட் கட்சியும் காங்கிரசும் 2014 தேர்தல் அறிக்கையில் 377-ஐ மாற்றுவோம் என்று எழுதினாங்க. எழுதினதை மறுக்கலை. எழுதுறதும் செய்யுறதும் ஒண்ணா நடுவர் அவர்களே?

2015 டிசம்பரில் காங்கிரஸ் உறுப்பினர் சசி தரூர், 377-ஐத் திருத்த ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார். மசோதாவை நிறைவேற்றச் சொல்லலைங்க, அறிமுகம் செய்ய விடுங்கன்னுதான் கேட்டார். வேண்டாம் என்றவர்கள் 71 பேர், சரி என்றவர்கள் 24 பேர். நாம ஓட்டுப் போட்டு அனுப்பினது 543 பேரை. மீதிப் பேர் எங்கய்யா போனாங்க? (கைதட்டல்) 2016 மார்ச்சில் மறுபடி முயன்றார். 58-க்கு 14. எதிர்த்தவரைக் கூட நான் மதிக்கிறேன், அவர் மனசுல உள்ளதைச் சொன்னார். வராதவங்களைத்தான் என்னால மறக்க முடியலை.

2018-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரிச்சப்போ மத்திய அரசு என்ன சொன்னது? நீதிமன்றத்தின் முடிவுக்கே விட்டுடுறோம் என்றது. வேணும்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. செப்டம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, இது குற்றமில்லை என்று தீர்த்தாங்க. அந்த அஞ்சு பேர்ல ஒருத்தரான பெண் நீதிபதி, வரலாறு இவர்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கு என்று எழுதினார்.

நம்ம தமிழ்நாட்டுக்கு வருவோம். எதிரணி நண்பர் 2008-ல் வந்த நல வாரியத்தைச் சொன்னார். உண்மைதான், பெருமைதான். ஆனா அது திருநங்கையருக்கு. நாம இங்கே பேசுறது வேற மக்களை. இவங்களுக்கு எப்போ விடிஞ்சது? மதுரையைச் சேர்ந்த ரெண்டு பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்கு வந்தாங்க. பெத்தவங்க காணோம்னு புகார் கொடுக்க, போலீஸ் தேடுச்சு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. விசாரிச்ச நீதிபதி, இது எனக்கே சரியாப் புரியலை என்று ஒத்துக்கிட்டு, ஒரு மனநல நிபுணர்கிட்டே போய்ப் பாடம் கேட்டார். அதுக்கப்புறம் 2021 ஜூன் 7-ல், இவங்களை 'மாத்துறேன்'னு வைத்தியம் பண்றதைத் தடுக்கணும் என்று உத்தரவு போட்டார். அந்த வழக்கைத் தொடர்ந்துதான் 2022-ல் தமிழக அரசு, இவங்களைப் போலீஸார் தொந்தரவு செய்யக் கூடாதுன்னு விதி சேர்த்தது. இவங்களைக் குறிப்பிட மரியாதையான தமிழ்ச் சொற்களையும் வெளியிட்டது. நீதிமன்றம் தள்ளுச்சு, அரசு நகர்ந்துச்சு.

இதோட முடிச்சிருந்தா என் அணி ஜெயிச்சிருக்கும். ஆனா நான் ஒரு உண்மையைச் சொல்லியாகணும் நடுவர் அவர்களே.

2023 அக்டோபர் 17-ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றம், கல்யாண உரிமையை நாங்க கொடுக்க முடியாது, அது சட்டமன்றங்களின் வேலை என்று சொல்லிடுச்சு. பந்து திரும்பக் கட்சிகள் காலடிக்கே வந்துடுச்சு. அந்த வழக்கில் மாநிலங்களைக் கேட்டப்போ வேண்டாம் என்றவை அசாம், ஆந்திரா, ராஜஸ்தான். அப்போ அசாம்ல பா.ஜ.க., ஆந்திராவுல ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், ராஜஸ்தான்ல காங்கிரஸ் ஆட்சியில் இருந்தது. அடுத்த வருஷமே, 2024 தேர்தல் அறிக்கையில், இந்த ஜோடிகளின் இணைவை அங்கீகரிக்கச் சட்டம் கொண்டு வருவோம் என்று எழுதினதும் அதே காங்கிரஸ்தான்! கட்சிகளுக்குக் கொள்கை ஒரு பக்கம், ஓட்டுக் கணக்கு ஒரு பக்கம்.

ஆனா அந்தக் கணக்கை எழுதுறது யாரு? நாமதான்.

எங்க அக்கா மகன் ஒருத்தன் இருக்கான். பேர் சொல்ல மாட்டேன். அவன்கிட்டயும் அவன் அம்மாகிட்டயும் கேட்டுட்டுத்தான் இந்த மேடை ஏறினேன். "எனக்குப் பொண்ணு பாக்காதீங்கம்மா"ன்னு ஒரு நாள் காரணத்தைச் சொல்லிட்டு பெங்களூருக்குப் போனவன், அஞ்சு வருஷமா ஆடித்தபசுக்குக் கூட ஊருக்கு வரலை. யாரு கேட்டாலும் "லீவு கிடைக்கலையாம்"னு அக்கா சொல்லுவா.

2024 தேர்தல்ல வேட்பாளர் எங்க தெருவுக்கு வந்தார். ஆரத்தி எடுத்தோம். "என்னம்மா குறை?"ன்னு கேட்டார். தண்ணின்னோம், பஸ்ஸுன்னோம். நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். அவ தட்டையே பார்த்துக்கிட்டிருந்தா. நானும் வாயைத் திறக்கலை. ஜீப் போயிடுச்சு. தரூர் மசோதாவுக்கு வராத உறுப்பினர்களைக் குறை சொன்னேனே, அன்னைக்கு எங்க தெருவுல நான் இருந்தும் இல்லாதவதானே?

சங்கரன்கோவில்ல கோமதி அம்மன் என்ன செஞ்சா? சிவனும் விஷ்ணுவும் ஒண்ணாக் காட்சி கொடுக்கணும்னு கேட்டா, ஊசி முனையில தபசு இருந்தா. அம்மனே கேட்டுத்தான் வாங்கியிருக்கா. நாம கேட்காமலே கட்சிக்காரங்க கொடுக்கணும்னா எப்படி?

நீதிமன்றம் அவன் ஜெயிலுக்குப் போகாம காப்பாத்துச்சு. அவனை ஊருக்குக் கூட்டிட்டு வர்றது எந்தத் தீர்ப்பாலயும் ஆகாது. அதை நாமதான் செய்யணும். அடுத்த தடவை ஜீப் வரும்போது நான் கேப்பேன். அக்காவும் பக்கத்துல நிப்பேன்னு சொல்லியிருக்கா.

(பலத்த கைதட்டல்)