எளிய ஓட்டக் காலணி

எளிய ஓட்டக் காலணி என்பது, வெறுங்காலுடன் ஓடும்பொழுது பாதம் இயங்குவதைப் போன்றே இயங்க இடந்தரும் வகையில் செய்யப்படும் காலணி ஆகும். இது மினிமலிஸ்ட் காலணி என்றும், வெறுங்கால் காலணி என்றும் அழைக்கப்படுகின்றது. இக்காலணிகள் ஓட்டக் காயங்களைக் குறைக்கும் என்ற கருத்து 2010ஆம் ஆண்டை ஒட்டிப் பரவலாக நிலவியது. நீண்டகாலப் பயன்பாடு பற்றிய ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. எனினும், பாதத் தசைகள் வலுவடைவதை அவை காட்டியுள்ளன.

வரைவிலக்கணம்

2015இல் 11 நாடுகளைச் சேர்ந்த 42 வல்லுநர்களின் கருத்தொருமிப்பில் இக்காலணிக்கு ஒரு வரைவிலக்கணம் உருவாக்கப்பட்டது. அதன்படி ஐந்து கூறுகள் கணக்கில் கொள்ளப்படுகின்றன:

* எடை
* அடிப்பகுதியின் தடிப்பு
* குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு
* வளையும் தன்மை
* பாதத்தின் அசைவைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள்

இவற்றுக்கு வழங்கப்படும் புள்ளிகளைக் கொண்டு 0 முதல் 100 விழுக்காடு வரையான சுட்டெண் ஒன்று கணிக்கப்படுகின்றது. சுட்டெண் உயர உயரக் காலணி வெறுங்கால் நிலையை நெருங்குகின்றது.

வரலாறு

தடித்த மெத்தை கொண்ட ஓட்டக் காலணிகள் 1970களில்தான் பரவலாயின. அதற்கு முன்னர் ஓட்டக்காரர்கள் மெல்லிய காலணிகளையே அணிந்தனர். எத்தியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா 1960 உரோம் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தில் வெறுங்காலுடன் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார். 1964இல் தோக்கியோவில் காலணி அணிந்து ஓடி மீண்டும் வென்றார்.

2000களின் நடுப்பகுதியில் விரல்களுக்குத் தனித்தனி உறை கொண்ட விப்ரம் ஃபைவ்ஃபிங்கர்ஸ் போன்ற காலணிகள் விற்பனைக்கு வந்தன. மெக்சிக்கோவின் தராஉமரா மக்கள் மெல்லிய செருப்புகளுடன் நெடுந்தொலைவு ஓடுவதை விவரித்த கிறிஸ்தோபர் மெக்டூகலின் நூல் 2009இல் வெளியானது. இந்நூல் இக்காலணிகளின் புகழுக்கு முக்கிய காரணமாயிற்று.

உடல் இயக்கம்

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டானியல் லீபர்மன் குழுவினரின் ஆய்வு 2010இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுவதாகவும், அதனால் தரையில் மோதும் கணத்தில் எழும் திடீர் விசை குறைவதாகவும் அது கூறியது. ஆயினும், 2013இல் கென்யாவின் தாசனச் மக்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், வெறுங்காலுடன் வாழ்பவர்களிலும் பலர் இயல்பான வேகத்தில் ஓடும்பொழுது குதிகாலையே முதலில் ஊன்றுவது தெரியவந்தது.

முன்பாதத்தை ஊன்றி ஓடும்பொழுது முழங்காலின் சுமை குறைகின்றது. கெண்டைக்கால் தசைகள், குதிநாண் ஆகியவற்றின் சுமை கூடுகின்றது. எனவே சுமை மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகின்றது.

நீண்டகாலப் பயன்பாடு

2013இல் வெளியான ஓர் ஆய்வில் 19 ஓட்டக்காரர்கள் 10 வாரங்களில் படிப்படியாக இக்காலணிக்கு மாறினர். அவர்களுள் 10 பேரின் பாத எலும்புகளில் மச்சை வீக்கம் அதிகரித்திருந்தது. இது எலும்பு தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சுமை ஏறுவதன் அறிகுறியாகும். எலும்பு புதிய சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள மாதக்கணக்கில் காலம் தேவைப்படுவதால், வலி இல்லாமையை மட்டும் கொண்டு உடல் பழகிவிட்டதாகக் கருத இயலாது. 2017இல் வெளியான 26 வார ஆய்வு, உடல் எடை கூடியவர்களுக்கு இக்காலணிகளால் காயமுறும் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது.

மறுபுறம், 2021இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதங்கள் அன்றாட நடமாட்டத்தின்போது இத்தகைய காலணிகளை அணிந்தவர்களின் பாத வலிமை சராசரியாக 57.4 விழுக்காடு உயர்ந்தது.

வழக்கு

பாதத்தை வலுப்படுத்தும், காயத்தைக் குறைக்கும் என்ற விளம்பரங்களுக்குப் போதிய சான்று இல்லை எனக் கூறி, விப்ரம் நிறுவனத்தின் மீது 2012இல் ஐக்கிய அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. நிறுவனம் தவறு எதனையும் ஒப்புக்கொள்ளாமல், 2014இல் 37.5 இலட்சம் டாலர் வழங்க உடன்பட்டது. அவ்விரு கூற்றுகளுள் முதலாவதற்குப் பின்னாளில் சான்றுகள் கிடைத்தன. இரண்டாவது இன்றளவும் நிறுவப்படவில்லை.

மாறும் முறை

முதலில் நடப்பதற்கும், பின்னர் ஒருநாள் விட்டு ஒருநாள் சில நிமிடங்கள் மட்டும் ஓடுவதற்கும் அணிந்து, பல மாதங்களில் தொலைவைக் கூட்டுவது பரிந்துரைக்கப்படுகின்றது. பாதத்தின் மேற்புறத்தில் தொடர்ந்து வலி இருப்பின் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். நீரிழிவு நோயால் பாதத்தில் உணர்வு குன்றியவர்களுக்கு இவை ஏற்றவை அல்ல.

இவற்றையும் பார்க்கவும்

* வெறுங்கால் ஓட்டம்
* மாரத்தான்
* குதிநாண்