தனுஷ்கோடியை அழித்தது எது

எங்கள் ஊரின் பெயர் காவேரிப்பட்டினம். காவேரி இங்கே ஓடவில்லை, ஓடுவது தென்பெண்ணை. பட்டினம் என்றால் கடற்கரை ஊர். கடலோ இங்கிருந்து 150 கிலோமீட்டருக்கும் அப்பால். நடுவில் ஒரு ‘பூ’ சேர்ந்துவிட்டால் சோழர்களின் துறைமுகம் கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகளுக்கு நடுவே வந்துவிடும். கடல் கொண்ட ஊரின் பெயரில் பாதியைச் சுமந்துகொண்டு, கடலையே பார்க்காமல் வாழ்கிற ஊர் இது. புயல்களைப் பற்றிப் படிப்பது எனக்கு வெகுகாலம் பிறத்தியார் வீட்டுச் சாவைப் படிப்பது போலத்தான் இருந்தது.

புகார் ஏன் அழிந்தது என்பதற்கு மணிமேகலை ஒரு காரணம் சொல்கிறது. அரசன் காணாமற்போன மகனைத் தேடிக்கொண்டு இந்திர விழாவை மறந்தான். அதனால் கடல் வந்தது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கதையில் நாம் இழந்துவிட்ட ஒன்று இருக்கிறது. ஒரு நகரம் அழிந்தால் பொறுப்பேற்க ஒருவன் வேண்டும் என்று பழைய மனம் நினைத்தது. நமக்கு ‘இயற்கையின் சீற்றம்’ என்ற இரண்டு சொற்கள் கிடைத்துவிட்டன. அவற்றை எழுதியபின் கேட்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

1964 டிசம்பர் 17இல் தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. 19ஆம் தேதி அது கடும் புயல். 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாவைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடிக்கு வந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் இருக்கலாம் என்று கணித்தார்கள். அலை 7 மீட்டர் எழுந்தது. இரு நாடுகளிலும் சேர்த்து இறந்தவர்கள் சுமார் 1800 பேர் என்பது மதிப்பீடு. அந்தப் புயலுக்குப் பெயர் கிடையாது. இந்தக் கடலின் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. ஆகவே ஊரின் பெயரே புயலுக்குப் போயிற்று. தனுஷ்கோடி என்றால் இப்போது ஓர் ஊரல்ல, ஓர் இரவு.

அந்த இரவில் எல்லோரும் நினைவு வைத்திருப்பது ரயிலை. இரவு 11.55க்குப் பாம்பனை விட்டுக் கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கியபோது கடல் அதன்மேல் விழுந்தது. பயணிகள் 110, ஊழியர் 5. எவரும் பிழைக்கவில்லை. சிக்னல் விழாததால் டிரைவர் நீளமாக ஊதிவிட்டு, துணிந்து வண்டியை நகர்த்தினார் என்று எழுதுகிறார்கள். அந்த ஊதலைக் கேட்டுத் திரும்பி வந்து சொன்னவர் யார் என்பது நான் படித்த எதிலும் இல்லை. இன்னொன்று: டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இறந்தவர்கள் 200 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். டிக்கெட் இல்லாதவனுக்குச் சாவிலும் கணக்கு இல்லை. சரித்திரம் டிக்கெட் வாங்கியவர்களை எண்ணுகிறது.

இதுவரை புயல். இதற்குப் பிறகு நடந்ததுதான் என் விஷயம்.

பாம்பன் பாலத்தின் 145 தூலங்களில் 126 கடலுக்குள் போய்விட்டன. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் நின்றது. பாலத்தைச் சீராக்க ரயில்வே முதலில் 6 மாதம் கேட்டது. பிறகு 3 மாதமாகக் குறைத்தது. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினியர், கடலடியில் கிடந்த தூலங்களையே தூக்கி எடுத்து, 46 நாளில் முடித்தார். பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாலத்தைக் கடந்த ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது. தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பப் போகவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. பாலத்துக்கு 46 நாள். ஊருக்கு அறுபது வருஷம் கடந்தும் ஒரு நாள்கூட இல்லை.

இதற்கு நேரெதிரான கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் கரையை ஒட்டிய தீவில் இருக்கும் கால்வெஸ்டன் நகரத்தை 1900 செப்டம்பர் 8இல் புயல் அழித்தது. செத்தவர்கள் 6,000 என்றும் 12,000 என்றும் சொல்கிறார்கள். தீவின் மிக உயர்ந்த இடமே 9 அடிக்குள். வந்த வெள்ளம் 15 அடி. அவர்கள் ஊரை விடவில்லை. 17 அடி உயரத்துக்குக் கடற்சுவர் எழுப்பினார்கள். 1904இல் அதன் முதல் பகுதி முடிந்தது. வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மணலைக் கொட்டி, ஊரின் தரையையே உயர்த்தினார்கள். 1915இல் அடுத்த பெரும் புயல் வந்தபோது சுவர் நின்றது, ஊர் பிழைத்தது.

ஆனால் கப்பல்கள் பிழைக்கவில்லை. 1914இல் ஹூஸ்டனுக்கு ஆழமான கால்வாய் வெட்டி முடித்தார்கள். வியாபாரம் உள்நாட்டுக்கு நகர்ந்தது. சுவர் ஊரைக் காத்தது. ஊர் எதற்காக வளர்ந்ததோ அதைக் காக்க முடியவில்லை.

தனுஷ்கோடி எதற்காக வளர்ந்தது? அதுவும் 1914தான். பாம்பன் பாலம் திறந்த வருஷம். எழும்பூரில் போட் மெயில் ஏறியவன் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். அங்கிருந்து கொழும்புக்கு ரயில். வெள்ளைக்காரனுக்குத் தேயிலையும் தோட்டக் கூலியும் வேண்டியிருந்தன. காவேரிப்பட்டினம் அன்று சேலம் ஜில்லாவில் இருந்தது; கூலிகள் போன ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. புயலுக்கு இரண்டு மாதங்கூட ஆகவில்லை, 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா திரும்ப வாங்கிக்கொள்ளும். 3,00,000 பேர் அங்கே பிரஜைகள். போன வழியே திரும்பி வருவது என்று பேப்பரில் எழுதியாயிற்று. அந்த வழியின் வாசல் அதற்குள் இடிந்து விழுந்தது. கப்பல் பின்னால் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிற்று; 1980களில் இலங்கைப் போரில் அதுவும் நின்றது.

ஒப்பந்தத்தால் ஊரைக் கைவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. மணல் திட்டில் மறுபடியும் ஊர் கட்டுவது ஆபத்து என்பதில் நியாயம் இருக்கிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: புயல் ஓர் இரவில் முடிந்தது, ஊரின் சாவு பிறகு, பகலில், கோப்பில் நடந்தது. எதைத் தூக்கி நிறுத்துவது, எதை மணலுக்கு விடுவது என்று முடிவு செய்தது காற்றல்ல. யாத்ரீகனுக்குப் பாலம் வேண்டும், வந்தது. மீனவனுக்கு ஊர் வேண்டும், வரவில்லை. அவன் கேட்காமலே திரும்பிப் போனான். மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்தான். ஓலைக் குடிசை போட்டான். வாழத் தகுதியற்ற இடம் என்ற அறிவிப்பு அவனைக் கட்டுப்படுத்தவில்லை. பள்ளிக்கூடத்தையும் மின்சாரத்தையும்தான் நெடுங்காலம் தடுத்து வைத்தது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ரோடு வந்தது. இடிந்த மாதா கோயிலுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வசதியாயிற்று. வாழ்வதற்கு வராத ரோடு பார்ப்பதற்கு வந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் என்ற புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. இதற்குப் பெயர் இருந்தது, எச்சரிக்கை இருந்தது, வானத்திலிருந்து எடுத்த படம் இருந்தது. கரையில் தணிந்துபோனதாக எல்லோரும் நினைத்தபின் அது மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் எங்களுக்குக் கிழக்கே ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி நிரம்பி வழிந்து, ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களை உருட்டிக்கொண்டு போயிற்று. கடல் பார்க்காத ஜில்லாவுக்குக் கடல் நடந்து வந்தது.

அந்தத் தண்ணீர் பாம்பாற்றில் இறங்கி, தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணைக்குப் போயிற்று. விடியுமுன் அங்கிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். கீழே விழுப்புரம், கடலூர் கிராமங்கள் மூழ்கின. எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. போதவில்லை என்றார்கள் எதிர்ப்பக்கத்தில். மழை யாருடைய குற்றமும் அல்ல. மழையை எந்த நேரத்தில், யார் பக்கம் அனுப்புவது என்பது மனிதர் செய்த முடிவு.

மணிமேகலை எழுதியவனுக்கு வானிலை தெரியாது. ஊர் அழிந்தால் அரசனிடம் போய்க் கேட்கவேண்டும் என்பது தெரிந்திருந்தது. நமக்கு வானிலை தெரியும்.