பூஜ்யம் வாங்கிப் பேரெடுத்த மொட்டைத் தலையர்



அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் பேஸ்பால் பார்க்கப் போயிருக்கிறார். அங்கே மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் 'கேட்சர்' படத்தை அனுப்பி, "சார், இவனைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, நம்ம ஊரில் இப்படி ஒருத்தன் உண்டா?" என்று கேட்டிருந்தார். முகத்துக்கு இரும்புக் கம்பி, நெஞ்சுக்குக் கவசம், முழங்காலுக்குக் கவசம், கையில் முறம் போல ஒரு தோல் உறை. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு அடிபட உட்காருகிறவனுக்கு மூளை கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்களே கிண்டல் செய்வார்களாம். அந்தக் கவசங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'விவரங்கெட்டவன் சாமான்கள்' என்று வரும்.

தம்பி, நம்மிடமும் ஒருவர் உண்டு. அவருக்கு அந்தக் கம்பியும் கிடையாது, நெஞ்சுக் கவசமும் கிடையாது. தலையில் முடிகூடக் கிடையாது. சையத் முஜ்தபா ஹுசைன் கிர்மானி. 1949 டிசம்பர் 29-ல் பிறந்தது நம்ம மெட்ராஸில்; ஆடியது கர்நாடகத்துக்கு. சிறுவயதில் கையுறை வாங்க வழியில்லாமல் செங்கல்லைப் பிடித்துப் பந்தைத் தடுத்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்த அன்றே நான் அவருடைய ரசிகர் மன்றத்தில் சேர்ந்துவிட்டேன். மன்றத்தில் நான் ஒருவன்தான்.

கும்பப்பூ அறுவடை முடிந்த வயலில், அறுத்த தாள் காலில் குத்தக் குத்தத் தென்னை மட்டையால் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு ஒன்று தெரியும். கீப்பர் வேலை யாருக்கும் வேண்டாம். ஆட்டத்தில் சேர்த்தால் போதும் என்று கெஞ்சுகிற சின்னப் பயலைத்தான் பிடித்துப் பின்னால் நிறுத்துவோம். அவன் பத்துப் பந்து பிடித்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பதினோராவது பந்து கையை விட்டுப் போய் வாய்க்காலில் விழுந்தால் ஊரே ஏசும்.

பெரிய கிரிக்கெட்டிலும் கணக்கு இதேதான். மட்டைக்காரனுக்கு ஓட்டம், பந்து வீசியவனுக்கு விக்கெட். கீப்பர் கோட்டை விட்டால் 'பை' என்று தனியாக ஒரு வரி. அதாவது அவன் தப்பு செய்தால்தான் அந்த வரியில் எண் விழும். ஒழுங்காக நின்றால் பூஜ்யம். 1981-82-ல் இங்கிலாந்து அணி இங்கே வந்தபோது தொடர்ந்து மூன்று டெஸ்டில், 1,964 ஓட்டங்கள் போகும் வரை, கிர்மானி ஒரு பை கூட விடவில்லை. நான் எத்தனையோ பேருக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன் (பெயர் சொல்ல மாட்டேன், நீங்கள் இப்போது பெரிய ஆட்கள்). பூஜ்யம் வாங்கியதற்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இந்த ஒருவருக்குத்தான்.

அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் பரூக் என்ஜினியர். 1967-ல் சேப்பாக்கத்தில் ஹால், கிரிஃபித் பந்துவீச்சில், முதல் நாள் சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே 94 எடுத்த சூரர். பிரில்கிரீம் விளம்பரத்தில் தலை வாரி நின்ற அழகர். 1971-ல் இங்கிலாந்து போன அணியிலேயே கிர்மானி இருந்தார். ஆனால் முதல் டெஸ்ட் ஆடியது 1976 ஜனவரியில், ஆக்லாந்தில். ஐந்து வருஷக் காத்திருப்பு. இரண்டாவது டெஸ்டிலேயே ஒரே இன்னிங்ஸில் ஆறு பேரை வெளியே அனுப்பி அப்போதைய உலக சாதனையைச் சமன் செய்தார். தலைக்குக் கிரீம் தடவியவர் போய், கிரீமே தேவைப்படாதவர் வந்த கதை இதுதான்.

பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம் வெங்கட்ராகவன் என்று நாலு விதமான சுழலுக்கும் பின்னால் நின்றவர் அவர். சந்திரசேகர் வீசும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சந்திரசேகருக்கே தெரியாது என்பார்கள். அதைப் பிடிக்கிறவன் பாட்டை நினைத்துப் பாருங்கள்!

அந்த 1976-ல்தான் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் அந்தக் கொடுமையான டெஸ்ட். ஒருவருக்குக் காதில் அடி, ஒருவருக்கு வாயில் அடி, ஒருவருக்கு விரல் முறிவு. இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா 97-க்கு 5 விக்கெட். மீதி ஐந்து பேர் காயத்தால் வரவே முடியாமல் ஆட்டம் முடிந்துவிட்டது. கடைசியில் ஆட்டமிழக்காமல் நின்றவர் கிர்மானி. எடுத்த ஓட்டம் பூஜ்யம். பார்த்தீர்களா, அங்கேயும் பூஜ்யம்.

1979-ல் இங்கிலாந்து போகும் அணியிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். போனவர் நம் தமிழ்நாட்டு பரத் ரெட்டி, அதனால் எனக்கு அப்போது யார் பக்கம் பேசுவது என்றே தெரியவில்லை. கிர்மானி அந்த வருஷமே திரும்பி வந்தார். நவம்பரில் பம்பாயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 'நைட் வாட்ச்மேன்' ஆக இறக்கினார்கள். பெரிய ஆட்களைக் காப்பாற்ற அந்தி நேரத்தில் பலி கொடுக்க அனுப்புகிற ஆள். பலி ஆடு மறுநாளும் மேய்ந்து, ஆட்டமிழக்காமல் 101 எடுத்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது 1983. ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ், ஜிம்பாப்வே. 17-க்கு 5, பிறகு 140-க்கு 8. கபில்தேவ் 175 அடித்தது எல்லோருக்கும் மனப்பாடம். எதிர்முனையில் நின்றவர் யார்? கிர்மானி, ஆட்டமிழக்காமல் 24. இருவரும் சேர்ந்து பிரியாமல் 126. அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிப் பதிவே இல்லை. இருந்திருந்தாலும் காமிரா கபிலைத்தான் காட்டியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து லார்ட்ஸ் இறுதியாட்டம். கடைசி விக்கெட்டுக்கு சாந்துவுடன் 22 ஓட்டம். இந்தியா 183 எடுத்ததில் அதுவும் சேர்த்தி. பிறகு பாக்கஸ் மட்டையில் உரசிய பந்தை முதல் ஸ்லிப்புக்கு முன்னால் பாய்ந்து பிடித்தார். 76-க்கு 6. கபில் ஓடிப் பிடித்த ரிச்சர்ட்ஸ் கேட்சைப் பற்றி ஊர் பேசியது. நான் இதைப் பற்றி டீக்கடையில் பேசினேன். அந்த உலகக் கோப்பையின் சிறந்த கீப்பர் என்று அவருக்கு வெள்ளிக் கையுறை கொடுத்தார்கள். செங்கல்லிலிருந்து வெள்ளி வரை.

அதே வருஷம் டிசம்பர், சேப்பாக்கம், வெஸ்ட் இண்டீஸ். ஓட்டம் எதுவும் எடுக்கும் முன்பே மார்ஷல் இரண்டு பேரை அனுப்பிவிட்டார். கவாஸ்கர் இறங்கி 236, பிராட்மனின் 29 சதங்களைத் தாண்டிய முப்பதாவது சதம். 308-க்கு 8 என்று இருந்ததை 451-க்குக் கொண்டுபோனது பிரியாத ஒன்பதாவது விக்கெட் ஜோடி. கூட நின்றவர்? நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆட்டமிழக்காமல் 63. ஆறு மாதத்தில் இரண்டு பெரிய சரித்திரங்கள். இரண்டிலும் எதிர்முனையில் அதே மொட்டைத் தலை.

இடையில் 1985-ல் ஓர் இந்திப் படத்தில் வில்லனாக நடித்தார், கதாநாயகன் சந்தீப் பாட்டீல். படத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ரசிகன் என்றாலும் மனச்சாட்சி உண்டு.

1986 ஜனவரி, சிட்னி டெஸ்ட். கவாஸ்கர், நம் ஸ்ரீகாந்த், அமர்நாத் மூவரும் சதம். இந்தியா 600-க்கு 4. கிர்மானிக்கு மட்டை பிடிக்க வேலையே வரவில்லை, கையுறையோடு மட்டும் நின்றார். அதன் பிறகு டெஸ்டுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. ஜூனில் இங்கிலாந்தில் கிரண் மோரே வந்துவிட்டார். 88 டெஸ்ட். 160 கேட்ச், 38 ஸ்டம்பிங், ஆக 198. இன்னும் இரண்டே இரண்டு! ஒரு டெஸ்ட் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும். தேர்வுக்குழுவினர் கணக்கில் இவ்வளவு மட்டமா என்று அன்று வீட்டில் கத்தினேன், சகதர்மிணி சாட்சி.

சரி மக்களே, உங்கள் டீமில் பின்னால் நின்ற அந்தச் சின்னப் பயல் யார்? இப்போது எங்கே இருக்கிறான்? கீழே எழுதுங்கள்.