பிள்ளைகள் பொறுக்கிய விதைகள்

நொதித்தல் பாடம் நடந்துகொண்டிருந்தது. "அப்பத்துக்கு மா புளிக்கிறதுக்கு மேல இதுல என்ன சேர் இருக்கு?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவனுக்குச் சொன்ன வரலாற்றை உங்களோடும் பகிர்கிறேன், உறவுகளே.

1915இல், முதலாம் உலக யுத்தத்தின் நடுவே, பிரித்தானியாவுக்குக் குண்டுகள் போதவில்லை. கோடைற் என்ற வெடிமருந்து செய்ய அசற்றோன் வேண்டும். அதுவரை மரத்தை மூடிய கலத்தில் சூடாக்கியே அதைப் பெற்றார்கள். மென்செஸ்டர் பல்கலைக்கழக இரசாயனவியலாளர் கைம் வைஸ்மன் வேறு வழி கண்டார். மாப்பொருளை உண்டு அசற்றோனும் பியூற்றனோலும் தரும் ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். சோளத்தை அவித்து அதற்குக் கொடுத்தார்கள்.

சோளம் கடல் கடந்து வரவேண்டும். 1917இல் ஜேர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தன. அப்போது அரசாங்கத்தின் கண்ணில் பட்டது, மனிதர் உண்ண முடியாத, மரத்தடியில் வீணாகும் ஹோர்ஸ் செஸ்நட் விதை. பிள்ளைகள் நூலில் கோர்த்து விளையாடுவது. பாடசாலைகளுக்கு அறிவித்தல் போனது: பொறுக்கித் தாருங்கள், அந்தருக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. எதிரி அறியக்கூடாதாம்.

பிள்ளைகள் மலைமலையாகக் குவித்தார்கள். ஏற்றிச்செல்ல வழியில்லாமல் ரயில் நிலையங்களிலேயே நிறைய அழுகியது. கிங்ஸ் லின் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது 3,000 தொன். 1918 ஏப்ரலில் வேலை தொடங்கியது. விளைச்சல் மோசம். ஜூலையில் மூடிவிட்டார்கள்.

இங்கே ஒரு விடயம். "அசற்றோனுக்குக் கூலியாகப் பலஸ்தீனத்தைக் கொடுத்தார்கள்" என்று நம்மவர்கள் அடிக்கடி பகிர்கிறோம். அந்தக் கதையை எழுதியவர் பிரதமராக இருந்த லொயிட் ஜோர்ஜ், பல வருடங்களுக்குப் பின் தன் நினைவுக் குறிப்புகளில். வைஸ்மனே அதை ஏற்கவில்லை. அந்த வேலை அவருக்கு அமைச்சர்களின் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் 1917 நவம்பர் 2இல் வந்த பல்போர் பிரகடனத்தின் பின்னால் இருந்தது ஒரு பேரரசின் யுத்தக் கணக்கு. அந்த அநியாயத்தை ஒரு போத்தல் திரவத்தின் கதையாகச் சுருக்கினால், பொறுப்பாளிகள் தப்பிவிடுவார்கள்.

யுத்தம் முடிந்ததும் அசற்றோனுக்குக் கிராக்கி விழுந்தது. யுத்தகாலத்தில் யாரும் பெரிதாகத் தேடாத பியூற்றனோல், கார்களுக்குப் பூசும் விரைவில் காயும் பெயின்ற்றுக்கு உதவியது. பின்னர் சோளத்துக்குப் பதிலாக, சீனி ஆலைகளில் மிஞ்சும் மொலாசஸையே அதே வகைப் பற்றீரியாக்களுக்குக் கொடுத்தார்கள். கழிவு மூலப்பொருளானது.

பற்றீரியாவுக்குக் குண்டும் தெரியாது, பெயின்ற்றும் தெரியாது. எதற்கு என்று தீர்மானிப்பது மனிதன். நம் பிள்ளைகள் எதைப் பொறுக்கிக் கொடுத்தாலும், "எதற்கு சேர்?" என்று கேட்கப் பழகட்டும்.