தாடை எலும்பு ஒன்றா, இரண்டா?

 

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் ஜும்ஆ தொழுகைக்குப் பின் என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் தேறிவிட்டாள். பிளஸ் ஒன்னில் உயிரியலும் வேதியியலும் உள்ள பிரிவில் சேர விரும்புகிறாள். "மனுச உடம்பப் பத்தி எல்லாமே அதுல வருமாமே ஹஜ்ரத், பொம்பளப் புள்ளைக்கு அது ஆகுமா?"

'ஆகும்' என்று ஒரே சொல்லில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அவருடைய தயக்கம் நம்முடைய பல வீடுகளில் இருக்கும் தயக்கம். எனவே அவரை உட்கார வைத்துச் சில செய்திகளைச் சொன்னேன்.

அத்தாரியாத் அத்தியாயத்தின் 21ஆம் வசனத்தில் அல்லாஹு தஆலா நமக்குள்ளேயே இருக்கும் அத்தாட்சிகளைப் பார்க்க மாட்டீர்களா என்று கேட்கிறான். அந்தக் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டவரைப் போல வாழ்ந்தவர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ (ரஹ்). கி.பி. 1162இல் பக்தாதில் பிறந்தவர். ஹதீஸும் அரபு இலக்கணமும் கற்றுத் தேர்ந்த ஆலிம், மருத்துவர். ஹிஜ்ரி 597, 598ஆம் ஆண்டுகளில், அதாவது கி.பி. 1200ஐ ஒட்டி, எகிப்தைக் கொடிய பஞ்சம் வாட்டியபோது அவர் அங்கே இருந்தார். கெய்ரோவை அடுத்த மக்ஸ் என்னுமிடத்தில், இறந்தவர்களின் எலும்புகள் மேடாகக் குவிந்து கிடந்தன. அவர் மாணவர்களோடு அங்கு சென்றார்.

ஜாலீனூஸ் என்று நம் கிதாபுகள் குறிப்பிடும் கிரேக்க மருத்துவர் காலன், மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் பொருந்தி அமைந்தது என்று எழுதி வைத்திருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக அதுவே பாடம். அல்பக்தாதீ ஒவ்வொரு மண்டையோடாக எடுத்துப் பார்த்தார். தாம் பார்த்தவை இரண்டாயிரத்திற்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார். ஒன்றில்கூட மூட்டும் இல்லை, இணைப்புக் கோடும் இல்லை. கீழ்த்தாடை ஒரே எலும்பு. பிறரையும் பார்க்கச் சொன்னார். அவர்களும் அதையே கண்டனர். காலன் மீது மிகுந்த மரியாதை உடையவர்தான் அவர். என்றாலும் கண்ணால் கண்டதே காலனின் சொல்லைவிட நம்பத்தக்கது என்று தம் எகிப்துப் பயண நூலில் எழுதினார்.

அடுத்த தலைமுறையில் இப்னுந் நஃபீஸ் (ரஹ்) வருகிறார். டமாஸ்கஸில் மருத்துவம் கற்று, கெய்ரோவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 687இல் (கி.பி. 1288) வஃபாத்தானார். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபகீஹ். மதரஸாவில் சட்டம் போதித்தவர். (நான் ஓதிய மதரஸாவில் ஃபிக்ஹு பாடத்தில் ஒருநாளும் இவர் பெயரைக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.) இதயத்தின் வலப்பக்க இரத்தம் நடுச்சுவரில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே இடப்பக்கம் செல்கிறது என்று காலன் சொன்னதை இவர் மறுத்தார். சுவரில் துளையே இல்லை. இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, பிறகே இடப்பக்கத்திற்கு வருகிறது என்று விளக்கினார். ஐரோப்பாவில் ஹார்வி இரத்த ஓட்டத்தைப் பற்றி நூல் வெளியிட்டது 1628இல். இப்னுந் நஃபீஸின் இந்த விளக்கமோ மறக்கப்பட்டுக் கிடந்து, 1924இல் தத்தாவீ என்ற எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியைப் படித்த பிறகுதான் மீண்டும் உலகுக்குத் தெரிந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஷரீஅத்தும் தம் இரக்க உணர்வும் தம்மை உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தடுத்தன என்று இப்னுந் நஃபீஸே எழுதியிருக்கிறார். பிற்கால உலமாக்கள் பலர் மருத்துவக் கல்வியின் தேவை கருதி அதை அனுமதித்தனர். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை பார்க்கப்போவதோ பெரும்பாலும் படமும் பிளாஸ்டிக் எலும்புக்கூடும்தான்.

காற்றோடு இரத்தம் கலக்கிறது என்றார். காற்றில் உள்ள எது கலக்கிறது? 1770களில் ஆக்சிஜன் கண்டறியப்பட்ட பிறகே அதற்கு விடை கிடைத்தது. உயிரியலும் வேதியியலும் ஒரே பிரிவில் சேர்ந்திருப்பதன் காரணம் இதுதான் என்றேன்.

"அதெல்லாம் அரபு நாட்டுச் சங்கதி ஹஜ்ரத். நம்ம பாஷையில யாரு படிச்சா?" என்றார் சகோதரர். நல்ல கேள்வி. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூல் 1875இலும் வெளிவந்தன. அவர் கிறிஸ்தவ மதப் பிரசாரகர், நோக்கம் நம்முடையதல்ல. ஆனாலும் மாணவனுக்குப் புரியும் மொழியில் உடலைக் கற்பிக்க வேண்டுமென்று பல்லாண்டுகள் பாடுபட்டதை நாம் மறுக்கலாகாது. தாயகம் திரும்பிய பிறகும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை.

மார்க்கச் சட்டம் என்ன? ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தமது இஹ்யாவில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாவாக எண்ணுகிறார்கள். ஊரில் ஒருவரும் கற்காவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். எல்லோரும் ஃபிக்ஹைத் தேடி ஓடுகிறார்கள், பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லையே என்று அவர்கள் வருந்தி எழுதி ஒன்பது நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் நம் வீட்டில் பிரசவம் என்றால் 'லேடி டாக்டர்தான் வேண்டும்' என்று பிடிவாதம் பிடிக்கிறோம். மகள் உயிரியல் எடுக்கிறேன் என்றால் மஸ்அலா கேட்கிறோம்.

அவர் சிரித்துவிட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, "அந்தத் தாடை எலும்பு பார்த்த ஹஜ்ரத் பேரு என்ன, எழுதிக் குடுங்க" என்றார். மகளிடம் கொடுக்கவாம். பள்ளியில் விண்ணப்பம் கொடுக்க இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.