மூளையின் சிற்றோடைகள்

பெருநதியின் போக்கை அளப்பது எளிது. வரப்புகளுக்கிடையே மறைந்தோடும் சிறு வாய்க்காலின் போக்கை அளப்பது அரிது. ஆயினும் பயிரின் வேரை நனைப்பது வாய்க்காலே. உடலினுள் ஓடும் குருதிக்கும் இது பொருந்தும்.

1628ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, இதயத்தினின்று வெளியேறும் குருதி உடலைச் சுற்றி மீண்டும் இதயத்தையே அடைகின்றது என நிறுவினார். நாடிகளிற் சென்ற குருதி நாளங்களுக்குள் எவ்வாறு புகுகின்றது என்பதை மட்டும் அவர் காணவில்லை. இடைவழியொன்று இருத்தல் வேண்டும் என்று கணக்கினாலும் தருக்கத்தினாலும் துணிந்தார். 1657இல் அவர் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, இத்தாலியரான மார்செல்லோ மல்பிகி தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியினால் நோக்கியபோது, அந்த இடைவழி கண்ணுக்குப் புலனாயிற்று. மயிரினும் பன்மடங்கு நுண்ணிய அவ்வழிகளே மயிர்க்குழாய்கள்.

தவளையின் நுரையீரல் மெல்லியது, ஒளி புகத்தக்கது. மூளையோ என்புப் பேழைக்குள் இருப்பது. தன்மேல் விழும் ஒளியைச் சிதறடிப்பது. உடலின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கேயான மனித மூளை, ஓய்வுநிலையில் உடல் கொள்ளும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 பங்கைத் தானே செலவிடுகின்றது. அதற்கு உணவூட்டும் குழாய்களை அறியும் வேட்கை எழுந்தது இயல்பே. மூளை தன் தொழிலுக்கேற்பத் தன் குருதியைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளவல்லது என ரோயும் ஷெரிங்டனும் 1890இல் எடுத்துரைத்தனர். 1945இல் கெட்டியும் ஷ்மிட்டும், நைதரசு ஒட்சைட்டைச் சிறிதளவு சுவாசிக்கச் செய்து, மூளைக்குட் செல்லும் குருதியிலும் அதைவிட்டு மீளும் குருதியிலும் அவ்வாயு உள்ள அளவை ஒப்பிட்டு, குருதியோட்டத்தைக் கணித்தனர். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 54 மில்லிலீற்றர் என்பது அம்முறையாற் பெற்ற அளவு. ஆயினும் அது சராசரியே. ஒரு மாவட்டத்தின் மழையளவைக்கொண்டு ஒரு வயல் நனைந்ததா, காய்ந்ததா என்று எவ்வாறு கூறுவது?

அவ்வொரு வயலைக் காட்டிய கருவி 1990இல் தோன்றியது. டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் என்னும் மூவர் அமைத்த அந்நுணுக்குக்காட்டியில், சாயத்தின் மூலக்கூறொன்று ஒளிர்வதற்கு இரண்டு ஒளித்துகள்கள் ஒரே கணத்தில் அதனை அடைதல் வேண்டும். கதிர் குவியும் புள்ளியிலேயே இது நிகழும். ஆதலால் அப்புள்ளி மட்டுமே ஒளிரும். அலைநீளம் மிகுந்த அக்கதிர் குறைவாகவே சிதறுவதால், மூளையின் ஆழத்துக்கும் செல்லும்.

1998இல் கிளைன்பெல்டும் டெங்க் உள்ளிட்ட அவருடைய தோழரும் இக்கருவியை எலியின் மூளைமீது திருப்பினர். குருதிநீரிற் சாயம் கலக்கப்பட்டது. செங்குழியங்களுக்குள் அது புகாது; ஆகவே ஒளிரும் ஓடையிற் கரிய நிழல்களாக அவை தோன்றின. ஒரே குழாயின் நெடுக்கே கதிரை மீண்டும் மீண்டும் ஓட்டி, கிடைத்த கோடுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினர். நகரும் குழியம் அவ்வடுக்கிற் சாய்ந்த கீற்றாயிற்று. கீற்றின் சாய்வே அதன் வேகத்தைக் கூறிற்று.

மூளையின் மேற்பரப்பிலிருந்து 600 மைக்கிரோமீற்றர் ஆழம்வரை அவர்கள் கண்டது, சீரான ஓட்டமன்று. குருதி ஏறத்தாழப் பத்துச் செக்கனுக்கொரு முறை விரைந்தும் தளர்ந்தும் ஓடியது. சிலவேளை நெடுநேரம் தேங்கி நின்றது. அரிதாக எதிர்த்திசையிலும் திரும்பியது. எலியின் மீசையைத் தூண்டியபோது ஓட்டமும் மாறியது. எந்தச் சராசரியிலும் இவை புலப்பட்டிருக்கமாட்டா.

அத்தேக்கங்களின் பொருள் பின்னரே விளங்கலாயிற்று. மறதிநோயான அல்சைமர் நோயின் கூறுகளை உடையனவாக வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில், மூளை மயிர்க்குழாய்களுள் நூற்றுக்கு 2 அளவில் வெண்குழியங்கள் ஒட்டி அடைத்திருப்பதை 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இரண்டே பங்காயினும், ஓரடைப்பு தனக்கு அப்பாலுள்ள குழாய்களையும் தளர்த்தும். அடைப்பு நீங்கியதும் குருதியோட்டம் பெருகியது. சுண்டெலிகளின் நினைவாற்றலும் சிறிது மீண்டது.

சுண்டெலியிற் கண்டது மனிதருக்கும் பொருந்தும் என்று உடனே துணிதல் தகாது. அதற்குத் தனிச்சான்று வேண்டும். எனினும் முதியோரின் நினைவு தேய்வதை ஆராய்வோர், நரம்புக் கலங்களோடு அவற்றுக்கு உணவூட்டும் சிற்றோடைகளையும் இன்று நோக்குகின்றனர். காணாத வழியொன்று உண்டு என்று ஹார்வி துணிந்து கூறியதன் பயன், முந்நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் பெருகி வருகின்றது.